'ஸ்கிரிப்ட் ஓடிடுச்சு': புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் சித்தி பையன் இந்த ஏப்ரலில் டீம் லீட் ஆனான். வாழ்த்துச் சொல்ல போன் செய்தால், குரலில் சந்தோஷத்தைக் காணோம். "அக்கா, எனக்குக் கீழ ஏழு பேர். அதுல ரெண்டு பேர் என்னைவிட சீனியர். ஒரு பொண்ணுக்கு கிளவுட்ல தெரிஞ்சதுல பாதிகூட எனக்குத் தெரியாது. போன வருஷம் காலேஜ் முடிச்ச பையன் ஏ.ஐ. வச்சுக்கிட்டு ஒரு நாள்ல எழுதறத நான் ஒரு வாரம் எழுதுவேன். இதுல நான் என்னத்த லீட் பண்றது?"

அன்றைக்கு அரை மணி நேரம் பேசினேன். அப்புறம் இரண்டு மாதமாக வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பினேன். அதையெல்லாம் சேர்த்து எழுதியதுதான் இது. நான் 2003-இல் சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஃபிரெஷராகச் சேர்ந்தவள். இப்போது பெருங்குடியில், மருந்துக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஒன்பது பேர் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் உதாரணமெல்லாம் மாத்திரை, பில், ஜி.எஸ்.டி. என்றுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எது மாறிவிட்டது

என் முதல் டீம் லீடிடம் பச்சை அட்டை போட்ட டைரி ஒன்று இருந்தது. புரொடக்‌ஷன் பாஸ்வேர்ட் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிலீஸ், சனிக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை காலையில் எக்செல் ஷீட்டில் யார் யாருக்கு என்ன வேலை என்று வந்துவிடும். எந்தச் சந்தேகம் வந்தாலும் "சாரைக் கேளு" என்பதுதான் பதில். அவரைக் கிண்டல் செய்யவில்லை. அந்த புரோகிராமில் பாதியை அவரே எழுதியிருந்தார், மீதியை வரி வரியாகப் படித்திருந்தார். உண்மையிலேயே எல்லாம் தெரிந்தவர். எல்லாம் தெரிந்த ஒருவர் இருக்க முடிந்த காலத்தில் அவரைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்றைக்கு நாங்கள் ஒரு நாளில் ஐந்தாறு தடவை டெப்ளாய் செய்கிறோம், அதாவது புது கோடைக் கடைகளுக்கு அனுப்புகிறோம். பில் போடுவது ஒரு பக்கம், யூ.பி.ஐ. ஒரு பக்கம், வாட்ஸப்பில் பில் அனுப்புவது ஒரு பக்கம், ஸ்டாக், ரிட்டர்ன், வரிக் கணக்கு என்று ஆளுக்கொரு திசை. முழுதும் தெரிந்தவர் டீமில் யாருமில்லை, நான் உட்பட. எது எங்கே இடிக்கிறது என்பது அந்த இடத்தில் கைவைத்தவருக்குத்தான் முதலில் தெரிகிறது. பெரும்பாலும் அவர் டீமிலேயே சின்னவர். அவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி, அதை வைத்து ஏதாவது செய்யக்கூடியவரிடம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது? லீட் என்ற முறையில் நான் இப்போது கணக்குப் பார்ப்பது இதை மட்டும்தான். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பாதையைக் குறுக்குவதற்கான வழிகள்.

பாதை அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் கதை ஒன்று போதும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று புது சாஃப்ட்வேரோடு சந்தையில் இறங்கினார்கள். எட்டு சர்வரில் ஏழில் புது கோட் போட்டாயிற்று, ஒன்றில் விட்டுப்போயிற்று. அந்த ஒன்றில் பல வருஷமாகப் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு, கண்டபடி பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. போன பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய சிஸ்டம் இந்தப் பிழையைச் சொல்லி 97 ஈமெயில் அனுப்பியிருந்தது. யாரும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வரிலிருந்து புது கோடை எடுத்துவிட்டார்கள். ஒன்றில் இருந்த பிரச்சினை எட்டுக்கும் வந்தது.

முதல் இரண்டு வாரம்: முடிவுகளை எண்ணுங்கள்

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம், "இதைச் செய்யலாமா?" என்று உங்களிடம் யார் வந்து கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: இது தப்பாகப் போனால் நாளைக் காலையில் திருப்ப முடியுமா, முடியாதா.

அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இதைக் கதவு என்று எழுதியிருந்தார். சில கதவுகள் வழியாகப் போனால் திரும்ப முடியாது, சிலவற்றில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் இரண்டாவது வகைக் கதவுக்கும் முதல் வகைக்கான சடங்கையே செய்வதால்தான் மெதுவாகிப் போகின்றன என்பது அவர் வாதம். எனக்கு அது நோட்டில் கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு வாரத்தில் 43 கேள்விகள் என்னிடம் வந்திருந்தன. திருப்ப முடியாதவை ஐந்து.

அந்த ஐந்தில் ஒன்று, பில் நம்பர் எப்படி இருக்க வேண்டும் என்பது. ஜி.எஸ்.டி. விதிப்படி அது 16 எழுத்தைத் தாண்டக்கூடாது, வரிசையாகப் போக வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் அதே நம்பர் மறுபடி வரக்கூடாது. கடைகள் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். இன்னொன்று, ஷெட்யூல் ஹெச்1 என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து விற்ற பதிவேடு. அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த டேபிளில் நாங்கள் கைவைத்துச் சொதப்பினால், டிரக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்பது கடைக்காரர். இப்படிப்பட்டவற்றை என்னிடமே வைத்துக்கொண்டேன். மெதுவாக, நாலு பேரைக் கேட்டு, எழுதி வைத்து முடிவெடுக்கிறோம்.

மீதி 38-ஐ, வேலை செய்கிறவரே முடிவெடுத்துக்கொள்ளட்டும், முடித்துவிட்டுச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதுவது சுலபம். முதல் மாதத்திலேயே ஒருத்தர் மருந்து தேடும் பெட்டியில் மூலப்பொருள் பெயரை முன்னால் கொண்டுவந்தார். கடையில் 'டோலோ' என்று அடித்தால், பாராசிட்டமால் என்ற தலைப்பில் இருபது மாத்திரை வரிசையாக வந்து நின்றது. கவுன்டரில் ஆறு பேர் காத்திருக்கும்போது இது நடந்தால் கடைக்காரர் என்ன பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குக் கை பரபரத்தது. எதுவும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அவரே திருப்பிவிட்டார். மறுவாரம் அவரே கந்தன்சாவடியில் ஒரு மருந்துக் கடையில் போய் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். நான் போகச் சொல்லியிருந்தால் போயிருப்பார், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்காது.

மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள்

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவு வெளியானது. பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு 12-லிருந்து பூஜ்யம். செப்டம்பர் 22 முதல் அமல். கையில் பத்தொன்பது நாள்.

மறுநாள் காலை மீட்டிங். என் மனதில் விடை தயாராக இருந்தது. வரி டேபிளில் 12 இருக்கும் இடத்தில் 5 போடு, அந்த 33-ஐத் தனியாகப் பூஜ்யமாக்கு, 21-ஆம் தேதி நள்ளிரவில் மாறுகிற மாதிரி வை. இரண்டு வரி வேலை. ஆனால் எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. பிரச்சினையை ஒருவர் சொன்னதும் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். அப்புறம் டீமில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் படிப்பார். நான் கடைசி.

அன்றைக்குக் கடைசியாகச் சேர்ந்தவர் ஒரு டெஸ்டர். வந்து எட்டு மாதம். அப்பா மன்னார்குடி பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். தாளில் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தாள்: "20-ஆம் தேதி வாங்கின மாத்திரைய 24-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தா?"

அறையில் சத்தமே இல்லை. கணக்கைப் பாருங்கள். எம்.ஆர்.பி. 112 ரூபாய் உள்ள ஒரு மருந்து. அதில் 100 ரூபாய் மருந்து, 12 ரூபாய் வரி. வரி 5 ஆனதும் அதே மருந்து 105. ஆனால் 20-ஆம் தேதி வாங்கியவர் கொடுத்தது 112. திருப்பிக் கொடுக்கும்போது 112 வாங்கிக்கொண்டு போக வேண்டும், அந்த ரிட்டர்னில் பழைய 12 சதவீத வரிதான் கழிய வேண்டும். எங்கள் சாஃப்ட்வேரோ, ரிட்டர்ன் வந்தால் பழைய பில்லைப் பார்க்காது. அந்த மருந்துக்கு இன்றைக்கு என்ன வரி, என்ன விலை என்றுதான் பார்க்கும். 105 எடுத்து நீட்டும். ஏழு ரூபாய்தானே என்று தோன்றலாம். ஏழு ரூபாய்க்குக் கவுன்டரில் நடக்கும் சண்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள்.

அதற்கப்புறம் மற்றவர்கள் தாளிலிருந்தும் வரத் தொடங்கியது. அட்டையில் 112 என்று அச்சாகியிருக்கும், பில்லில் 105 வரும், கடைக்காரர் ஒவ்வொருத்தருக்கும் வாயால் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா, பில்லின் கீழே ஒரு வரி போட வேண்டாமா என்றார் ஒருவர். இரண்டு வரி வேலை ஒன்பது நாள் வேலையானது. முறையான அறிவிக்கை 17-ஆம் தேதிதான் வந்தது. அன்றைக்கு இதையெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் 22-ஆம் தேதி நாங்கள் போனை எடுத்திருக்க மாட்டோம்.

சில நாள் கழித்து அவளிடம் கேட்டேன், நான் முதலில் பேசியிருந்தால் இதைச் சொல்லியிருப்பாயா என்று. "உங்க ஐடியா சின்னதா, அழகா இருந்துச்சு இல்லையாக்கா. நான் போய் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டிருப்பேன்" என்றாள். கவனியுங்கள், என்னிடம் பயம் என்று சொல்லவில்லை. மரியாதையும் அதே வேலையைத்தான் செய்கிறது. நம் ஊரில் பெரியவர்கள் பேசி முடித்த பிறகு சின்னவர்கள் பேசுவதில்லை. அந்த வளர்ப்பை மாற்ற முடியாது. பெரியவர்கள் பேசும் நேரத்தைத் தள்ளிப்போடலாம்.

'மேடம்' என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று சட்டம் போடும் லீடுகள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. சிலர் என்னை அக்கா என்கிறார்கள், சிலர் மேடம், ஒருத்தர் மட்டும் பெயர் சொல்லி. எல்லோரும் கெட்ட செய்தியை ஒரே வேகத்தில் கொண்டுவந்தால் எனக்குப் போதும். மொழி விஷயத்தில்தான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் டீமில் எல்லோருக்கும் தமிழ் தெரியும், இருந்தும் ஸ்டாண்ட்-அப் என்கிற தினசரிச் சின்ன மீட்டிங் இங்கிலீஷில்தான் நடந்துகொண்டிருந்தது. தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பையன் தினமும் "நோ பிளாக்கர்ஸ்" என்பான், வேலைக்குத் தடை எதுவும் இல்லை என்று. தமிழில் பேசலாம் என்று சொன்ன முதல் வாரத்தில் அவன் நான்கு பிளாக்கர் சொன்னான். நான்கும் ஒரு மாதமாக இருந்தவை.

'ஓடிடுச்சு'

2016-இல் வேறொரு கம்பெனியில் லீடாக இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. ஸ்டாக் கணக்கைச் சரிசெய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை டெஸ்ட் டேட்டாபேஸில் ஓட்டுவதற்குப் பதிலாக, நிஜக் கணக்கு இருக்கும் லைவில் ஓட்டிவிட்டார்கள். கான்ஃபரன்ஸ் காலில் பதினான்கு பேர். ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "ஸ்கிரிப்ட் லைவ்ல ஓடிடுச்சு மேடம்."

"ஓடிடுச்சா? தானா ஓடிச்சா? யாரு ஓட்டினது?"

"நான்தான்."

அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். பதினான்கு பேரும் கேட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது, இனிமேல் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள், என்னிடம். சில மாதம் கழித்து கிளையன்ட்டின் மேனேஜர் எனக்கு நேராக போன் செய்தார். அவர்களுடைய ஒரு கிடங்கில் பதினோரு நாளாக ஸ்டாக் மைனஸில் காட்டிக்கொண்டிருந்தது. என் டீமில் மூன்று பேருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தப் பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான்.

தமிழில் ஒரு வசதி உண்டு. குழந்தை டம்ளரைக் கீழே போட்டால் "உடைஞ்சிடுச்சு" என்கிறது. "உடைச்சுட்டேன்" என்று சொல்கிற குழந்தை, அடி விழாத வீட்டுக் குழந்தை. டீமும் அப்படித்தான். 'டேபிள் போயிடுச்சு', 'கான்ஃபிக் மாறிடுச்சு', 'மெர்ஜ் ஆயிடுச்சு'. இந்த வினைகளில் ஆளே இல்லை பாருங்கள். உங்கள் டீமின் நிலைமையைத் தெரிந்துகொள்ள சர்வே எதுவும் வேண்டாம். ஒரு வாரம் சேட் மெசேஜ்களில் எத்தனை 'இடுச்சு', எத்தனை 'இட்டேன்' என்று பாருங்கள்.

'இட்டேன்' அதிகமாவதற்கு நான் செய்வது இதுதான். ஏதாவது உடைந்தால், இரண்டு நாளுக்குள் நாற்பது நிமிடம் உட்காருவோம். என்ன நடந்தது என்பதை மணி வாரியாக முதலில் எழுதுவோம்: 4.10-க்கு இது, 4.25-க்கு அது. இதில் 'ஏன்' என்ற சொல்லுக்குத் தடை. இங்கிலீஷில் எப்படியோ, தமிழில் "ஏன் அப்படிப் பண்ணின?" என்பது கேள்வியே இல்லை, கன்னத்தில் பாதி அறை. அதற்குப் பதில், "அப்போ உன் திரையில என்ன தெரிஞ்சது?" இந்தக் கேள்வியை வைத்துத்தான், டெஸ்ட் சர்வரும் லைவ் சர்வரும் ஒரே மாதிரி கறுப்பு ஜன்னலாகத் தெரிகின்றன என்று எங்களுக்குத் தெரிந்தது. இப்போது லைவ் ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி. 2016-இல் நான் அந்தப் பையனிடம் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சிவப்பு வந்திருக்கும்.

புரோகிராமர்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இதே மாதிரிதான் நடந்தது, பல மடங்கு பெரிதாக. ராத்திரி நேரம், களைத்துப்போன ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டும் மிச்சம். பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. கடைசியில் வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், பிறகு முழு அறிக்கையும் வெளியிட்டார்கள். அதில் யார் அழித்தார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பேக்கப் இல்லை என்பது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம். தினசரி பேக்கப், டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்புக் கருவியால் எடுக்கப்பட்டு, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் ஈமெயிலை, அது முறையாகக் கையொப்பமிடப்படவில்லை என்று மெயில் சர்வர் தள்ளிவிட்டிருந்தது. நைட் கேப்பிட்டலில் 97 மெயில் வந்தும் யாரும் பார்க்கவில்லை. இங்கே மெயிலே வந்து சேரவில்லை. அழித்தவரை வேலையைவிட்டுத் தூக்கியிருந்தால் இதில் எது சரியாகியிருக்கும்?

ஒரு எச்சரிக்கை. இதைத் தொடங்கினால் முதல் மூன்று நான்கு மாதம் பிழைக் கணக்கு ஏறும். உங்கள் மேலதிகாரி கூப்பிட்டு, "நீங்க வந்தப்புறம் டீம் மோசமாயிடுச்சே" என்பார். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது இதையே பார்த்தார். நன்றாக நடக்கும் அணிகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறவில்லை, அதிகம் சொன்னார்கள். இதை நான் என் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நீங்களும் கணக்கு ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

ஏ.ஐ. எழுதிய கோடுக்கு யார் பொறுப்பு

சித்தி பையனின் உண்மையான பயம் இதுதான். என் டீமிலும் எல்லோரும் ஏ.ஐ. பயன்படுத்துகிறார்கள். தடுக்கவில்லை, தடுத்தாலும் போனில் செய்வார்கள். மாறியிருப்பது என்னவென்றால், எழுதுவது சுலபமாகி, படிப்பது கஷ்டமாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு ஃபிரெஷர் ஒரே மதியத்தில் 1,400 வரி புல் ரிக்வெஸ்ட் போட்டான், அதாவது தன் கோடைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினான். டெஸ்ட் எல்லாம் பச்சை. பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "பில் மொத்தத்தை ரூபாய்க்கு ரவுண்ட்-ஆஃப் பண்றது எங்க நடக்குது?" தேடினான். ஒரு இடத்தில் பைத்தான் மொழியின் 'ரவுண்ட்' கட்டளை இருந்தது. "112 ரூபாய் 50 பைசா குடுத்துப் பாரு." 112 என்று வந்தது. "113.50 குடு." 114. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பைத்தான் சரியாகப் பாதியில் இருக்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். கடை வழக்கம் 50 பைசா என்றால் மேலே ஏற்றுவது. அதனால் பாதி நேரம் சரியாக வரும், பாதி நேரம் ஒரு ரூபாய் குறையும். அவன் எழுதிய டெஸ்டில், அதாவது ஏ.ஐ. எழுதிய டெஸ்டில், 113.50 மட்டும்தான் இருந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும்? 2009-இல் இதே மாதிரி ஒரு ரூபாயைத் தேடி இரண்டு நாள் போயிருக்கிறது. லீடாக நம்மிடம் மிச்சமிருப்பது வேகமாக எழுதும் திறமை இல்லை. எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்கிற வடு. சித்தி பையனிடம் இதைத்தான் சொன்னேன்: அவன் எழுதட்டும், நீ கேள்.

நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே. யார் எழுதினாலும், எது எழுதினாலும், புல் ரிக்வெஸ்ட் போட்டவர் அதைத் தாளில் படம் போட்டு விளக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் மெர்ஜ் இல்லை, அந்தக் கோட் சேராது. 400 வரிக்கு மேல் ஒரே தடவையாக வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் எத்தனை வரி எழுதினார், எத்தனை டிக்கெட் மூடினார் என்று எண்ணுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த எண்களை இப்போது இயந்திரம் ஏற்றிக் கொடுத்துவிடும்.

இன்னொரு கவலை எனக்கு இருக்கிறது, விடை இல்லை. நானெல்லாம் கற்றுக்கொண்டது சின்னச் சின்ன பக் சரிசெய்துதான். அந்த வேலைகளை இப்போது ஏ.ஐ. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு பக், ஃபிரெஷர்கள் ஏ.ஐ. இல்லாமல் கையால் தேட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். வீட்டுப்பாடம் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள். அது வீட்டுப்பாடம்தான்.

சில்லறை விஷயங்கள்

முடிவுகளை எழுதுங்கள். அமேசானில் 2004-இலேயே பவர்பாயின்டை நிறுத்திவிட்டு, ஆறு பக்கக் குறிப்பை மீட்டிங் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆறு பக்கம் நமக்கு அதிகம். ஒரு பக்கம், தமிழும் இங்கிலீஷும் கலந்து எப்படி வந்தாலும் சரி. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கும் லீவில் போனவருக்கும் அது ஒன்றுதான் வழி. காரிடாரில் பேசி எடுத்த முடிவு அவர்களுக்கு நடக்காத முடிவு.

ஆன்-காலில், அதாவது ராத்திரி பிரச்சினை வந்தால் போன் எடுக்கும் முறையில், நீங்களும் இருங்கள். ஒன்பது பேரில் எனக்கும் ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை வரும். ராத்திரி போன் அடித்து எழுந்தால்தான் எந்த அலாரம் வீண் என்று தெரியும். அதோடு, முழித்திருப்பவர் யாரோ அவர் என்னைக் கேட்காமல் ரோல்பேக் செய்து பழைய கோடுக்குத் திரும்பலாம். சேர்ந்து மூன்று மாதம் ஆனவருக்கும் அந்த பட்டன் உண்டு. டொயோட்டா தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தச் சொல்லலாம் என்ற வழக்கம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. வீணாக ரோல்பேக் செய்தவரை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்தவர் என்னைக் கேட்கக் காத்திருப்பார்.

ஒருவரோடு தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன்னைக் கண்ணாடி அறையில் வைக்காதீர்கள். உள்ளே போகிறவர் முகத்தை வெளியே இருபது பேர் படிப்பார்கள். டீக்கடைக்கு நடந்து போங்கள். போகும்போது வேறு பேச்சு, விஷயம் திரும்பி வரும்போதுதான் வெளிவரும், அதுவும் லிஃப்ட் பக்கத்தில். லிஃப்டைத் தவற விடுங்கள்.

எங்கே இது ஒத்துவராது

எரிந்துகொண்டிருக்கும்போது ஐந்து நிமிட மௌனமும் தாளும் கிடையாது. சிஸ்டம் விழுந்துவிட்டால் ஒருவர் கட்டளையிட வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒருவர் லீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வாரம் யார் பொறுப்போ அவர். ஒரு தடவை எங்கள் டெஸ்டர் "அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க, பேமென்ட் டீமைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். இருந்தேன்.

புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாளே "நீங்களே முடிவெடுங்க" என்பதும் அநியாயம். அது சுதந்திரம் இல்லை, கைகழுவல். முதல் இரண்டு மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம்தான் மெல்ல விடுவது. சிலருக்கு இந்த முறையே பிடிக்காது. பதினைந்து வருஷ அனுபவமுள்ள ஒருவர், "என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறேன்" என்று என்னிடம் நேராகவே சொன்னார். அதில் தப்பில்லை. அவருக்கு எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் டீமிலேயே சுத்தமான கோட் அவருடையது.

மேலே இருப்பவர்கள் மாறியிருக்க மாட்டார்கள். அப்ரைசல் இன்னும் பழைய முறையில்தான் வரும், எக்செல் இன்னும் கேட்பார்கள். சண்டை போடாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து வரி அனுப்பிவிடுகிறேன். அதில் முதல் வரி எப்போதும் அந்த வாரத்தின் கெட்ட செய்தி. முதல் சில வாரம் என் மேனேஜர் உடனே போன் செய்வார். இப்போது "சரி" என்று பதில் வருகிறது.

இவ்வளவு செய்தும் என் டீமில் ஒருத்தர் இன்னும் 'ஆயிடுச்சு' என்றுதான் எழுதுகிறார். நல்ல வேலைக்காரர், முன்னே இருந்த இடத்தில் என்ன பட்டாரோ தெரியாது. போன வாரம்கூட "பிரைஸ் ஃபைல் ஓவர்ரைட் ஆயிடுச்சு" என்று ஒரு மெசேஜ். கெட்ட செய்தி பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது, அதுவரை சரி. வியாழக்கிழமை நாலு மணிக்கு அவரோடு டீக்கடை.